ஒரு துளி குளத்து நீரில் உயிர்களைப் பார்த்து வகைப்படுத்துவது எப்படி: நுண்ணோக்கி முழுமையான வழிகாட்டி

கூட்டு நுண்ணோக்கியை முதன்முதலாகத் தொடுபவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் அவசரப்படுகிறார்கள். எடுத்த எடுப்பிலேயே 40 மடங்கு லென்ஸுக்குப் போகிறார்கள். கவர் ஸ்லிப் உடைகிறது. ஏதோ ஒன்று நீந்திப் போனதும் "பாரமீசியம்!" என்று பெயர் சொல்லிவிடுகிறார்கள், பெயர் கிடைத்ததும் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். பெருக்கத்தில் குறைந்தது முதலில், பெயர் கடைசியில் என்ற வரிசையைப் பிடித்துக்கொண்டால் உயிரின வகைப்பாடு மனப்பாடப் பாடமாக இருக்காது. நீங்கள் கண்ணால் கண்டதிலிருந்தே அது எழுந்து வரும்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் மாணவர்கள், அவர்களுக்குச் சொல்லித்தரும் ஆசிரியர்கள், வீட்டில் பிள்ளைகளோடு உட்காரும் பெற்றோர் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். படிகளை மாற்றிப் போடாதீர்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குத் தேவையான ஒரு பழக்கத்தைக் கையிலும் கண்ணிலும் ஏற்றுகிறது.

1. ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டியது

நுண்ணோக்கியை வெளியே எடுப்பதற்கு ஏழெட்டு நாள் முன்பே ஒரு வைக்கோல் ஊறலைப் போட்டு வையுங்கள். ஒரு கைப்பிடி வைக்கோலை நறுக்கி, அரை லிட்டர் நீரில் பத்து நிமிடம் கொதிக்க விட்டு, ஆறியதும் அகன்ற வாய்ப் பாட்டிலில் ஊற்றி, மெல்லிய துணியால் மூடுங்கள். மூடியை இறுக்கித் திருக வேண்டாம். உள்ளே இருக்கும் உயிர்களுக்குக் காற்று வேண்டும்.

கொதிக்க வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. வைக்கோலின் சத்து நீரில் இறங்குகிறது. கொதித்தும் சாகாத பாக்டீரிய ஸ்போர்கள் (தடித்த உறைக்குள் உறங்கும் வடிவங்கள்) அந்தச் சத்தில் முளைத்துப் பெருகுகின்றன. ஓரிரு நாளில் நீர் கலங்கும், மேலே மெல்லிய ஆடை படரும். இப்போது ஒரு கரண்டி குளத்து நீரைச் சேருங்கள். பாக்டீரியாவைத் தின்று வாழும் ஒருசெல் உயிர்கள் அதில் பல்கும். முதலில் மிகச் சிறியவை, பிறகு பெரியவை என்று நாளுக்கு நாள் கூட்டம் மாறும். நாற்றம் வருகிறது என்று பாட்டிலைக் கொட்டிவிடுபவர்களே அதிகம். அந்த ஆடைக்கு அடியில்தான் உயிர்கள் மிக நெருக்கமாக இருக்கும், கொட்டாதீர்கள்.

குழாய் நீரைப் பயன்படுத்துவதானால் ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போன பிறகு எடுங்கள். பாட்டிலை நேர் வெயிலில் வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் சிறிய பாட்டில் விரைவில் சூடேறி எல்லாம் செத்துவிடும்.

பார்க்கப்போகும் நாளன்று காலையில் குளத்து நீரைப் புதிதாக எடுங்கள். கோயில் குளம், வயல், கண்மாய் ஓரம், மாட்டுத் தொட்டி, பூந்தொட்டிக்கு அடியில் உள்ள தட்டு என எதுவும் ஆகும். சாக்கடை கலக்கும் நீரைத் தவிர்த்துவிடுங்கள். நடுக்குளத்துத் தெளிந்த நீரில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. வேலம்பாசியைப் பிழிந்த நீர், மிதக்கும் இலையின் அடிப்பக்கத்துச் சுரண்டல், சேற்றின் மேல்படலம் ஆகிய மூன்றையும் தனித்தனிப் பாட்டிலில் எடுத்து, இடத்தையும் நேரத்தையும் எழுதி ஒட்டுங்கள். பாட்டிலைப் பாதிதான் நிரப்ப வேண்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

2. மேசையில் இருக்க வேண்டியவை

4, 10, 40 மடங்கு பொருளருகு லென்ஸ்களும் 10 மடங்கு கண்ணருகு லென்ஸும் உள்ள எந்தப் பள்ளி நுண்ணோக்கியும் போதும். மொத்தப் பெருக்கம் முறையே 40, 100, 400 மடங்கு. பொம்மைக் கடையில் "1200 மடங்கு" என்று எழுதி விற்கும் பிளாஸ்டிக் கருவிகளை வாங்காதீர்கள். பெருக்கிக் காட்டினால் போதாது, அருகருகே உள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட வேண்டும். அதற்கு லென்ஸின் தரம் வேண்டும். பணம் தடை என்றால், மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய ஃபோல்டுஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி நல்ல மாற்று. சுமார் 140 மடங்கு பெருக்கத்திலேயே பாரமீசியம், சுழலுயிரி போன்ற குளத்து நுண்ணுயிர்களை அதில் பார்க்கலாம்.

ஸ்லைடுகள், கவர் ஸ்லிப்புகள், சொட்டுக்குழாய், இடுக்கி, ஊசி, உறிஞ்சுதாள், சிறிது பஞ்சு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஸ்கேல், பென்சில், கோடு போடாத நோட்டு ஆகியவற்றை எடுத்து வையுங்கள். சாயம் இரண்டு வேண்டும். அயோடின் மருந்துக் கடையில் கிடைக்கும். வெளிர் தேநீர் நிறம் வரும்வரை நீர் சேர்த்துக்கொள்ளுங்கள். மெத்திலீன் நீலம் வண்ணமீன் கடைகளில் மீன் மருந்தாக விற்கிறார்கள். அதையும் நீர்த்தே பயன்படுத்த வேண்டும். துணியில் பட்டால் போகாது, பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

3. முதலில் ஒளி, பிறகுதான் ஸ்லைடு

நுண்ணோக்கியை ஒரு கையால் அதன் கைப்பிடியிலும் மறு கையால் அடியிலும் பிடித்துத் தூக்குங்கள். ஆடாத மேசை வேண்டும். மிக்ஸி ஓடும் மேடையில் வைத்தால் 400 மடங்கில் எல்லாம் நடுங்கும்.

ஸ்லைடு எதுவும் வைக்காமல், 4 மடங்கு லென்ஸை 'க்ளிக்' என்ற ஒலி கேட்கும்வரை திருப்பி நிறுத்துங்கள். ஒளிக்குக் கண்ணாடி உள்ள கருவியானால் அதை ஜன்னல் பக்கம் திருப்புங்கள். ஸ்லைடு வைக்கும் மேடைக்கு அடியில் ஒளிக்குவிப்பான் இருந்தால் சமதளக் கண்ணாடி, இல்லாவிட்டால் குழிக் கண்ணாடி. சூரியனை நோக்கிக் கண்ணாடியைத் திருப்பவே கூடாது. குவிந்த வெயில் கண்ணின் விழித்திரையைச் சுட்டுவிடும். எந்த வகுப்பிலும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வட்டம் முழுவதும் ஒரே சீராக வெளிச்சமாகும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். பாதி வட்டம் இருட்டாக இருந்தால் லென்ஸ் சரியாக உட்காரவில்லை, அல்லது கண்ணாடி கோணலாக இருக்கிறது. கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் கண்ணருகு லென்ஸை மெல்லச் சுழற்றுங்கள். புள்ளியும் சேர்ந்து சுழன்றால் தூசி அதில்தான். லென்ஸைத் துடைக்க அதற்கென்றே உள்ள தாள் வேண்டும். சட்டை நுனியும் சேலை முந்தானையும் கீறல் போட்டுவிடும்.

ஒற்றைக் கண் நுண்ணோக்கியில் மறு கண்ணை மூடாமல் பார்க்கப் பழகுங்கள். ஐந்து நிமிடம் கடினமாக இருக்கும், அதன் பிறகு தலைவலி வராது. கிட்டப்பார்வை, தூரப்பார்வைக்குக் கண்ணாடி போடுபவர்கள் அதைக் கழற்றிவிடலாம், திருகே அதைச் சரி செய்யும். சிதறல்பார்வை (அஸ்டிக்மாடிசம்) உள்ளவர்கள் கழற்ற வேண்டாம்.

4. முதல் ஸ்லைடு: செய்தித்தாளின் 'ட'

முதல் ஸ்லைடில் குளத்து நீரை வைப்பதுதான் பெரும்பாலானோர் இடறும் இடம். ஓடுகிற உயிரைத் துரத்தவும் திருகைப் பழகவும் ஒரே நேரத்தில் முடியாது. அசையாத, நமக்கு ஏற்கெனவே வடிவம் தெரிந்த ஒன்று முதலில் வேண்டும். செய்தித்தாளின் சிறிய எழுத்தில் ஒரு 'ட'வை வெட்டி, ஒரு சொட்டு நீரில் வைத்து, கவர் ஸ்லிப்பால் மூடுங்கள்.

கவர் ஸ்லிப்பை மேலிருந்து தொப்பென்று போடாதீர்கள். ஓர் ஓரத்தை நீரில் தொடவிட்டு, ஊசியில் சாய்த்து, மெதுவாகக் கீழே இறக்குங்கள். காற்று ஒரு பக்கமாக வெளியேறும். மாட்டிக்கொண்ட காற்றுக்குமிழி கனமான கறுத்த விளிம்போடு முழு வட்டமாகத் தெரியும். அதை "செல்" என்று வரைந்து பெயரும் குறித்த நோட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி குவியம். பக்கவாட்டிலிருந்து கண்ணால் பார்த்தபடியே, லென்ஸும் ஸ்லைடும் நெருங்கும்வரை பெரிய திருகைத் திருப்புங்கள். பிறகு கண்ணருகு லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டு, இரண்டும் விலகும் திசையில் மட்டும் மெல்லத் திருப்புங்கள். உள்ளே பார்த்துக்கொண்டு நெருங்கும் திசையில் ஒருபோதும் திருகாதீர்கள். எங்கே மோதும் என்று உள்ளிருந்து தெரியாது.

'ட' மேல் கீழாகவும் இடம் வலமாகவும் புரண்டு தெரியும்: நிற்கும் கோடு வலப்பக்கம், படுத்த கோடு மேலே. ஸ்லைடை இடப்பக்கம் நகர்த்தினால் பிம்பம் வலப்பக்கம் போகும். சொன்ன திசையில் பிம்பத்தை நகர்த்துவது கைக்குப் பழகும்வரை இதிலேயே இருங்கள். பின்னால் ஓடும் உயிரைத் தொடரும்போது யோசிக்க நேரம் இருக்காது.

அடுத்து 'ட'வின் ஒரு மூலையை வட்டத்தின் நடுவே கொண்டுவந்து 10 மடங்குக்கும், அதன் பிறகு 40 மடங்குக்கும் போங்கள். நடுவில் இல்லாதது அடுத்த லென்ஸில் காணாமல் போகும், ஏனெனில் வட்டம் சுருங்குகிறது. லென்ஸை மாற்றிய பின் சிறிய திருகு மட்டும்தான். 40 மடங்கு லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகூட இருப்பதில்லை. அங்கே பெரிய திருகைத் தொட்டால் கண்ணாடி நொறுங்கும், லென்ஸில் கீறலும் விழலாம்.

5. வட்டத்தின் அகலத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்

இந்தப் படியைப் பள்ளிகளில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிக வேண்டியதாகத் தோன்றுவது இதுதான். 400 மடங்கு பெருக்கிப் பார்த்தேன் என்பது அந்த உயிர் எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லாது.

பிளாஸ்டிக் ஸ்கேலை மேடையில் வைத்து 4 மடங்கு லென்ஸில் பாருங்கள். வட்டத்துக்குள் எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது? கண்ணருகு லென்ஸின் மேல் 18 என்று எண் பொறித்திருந்தால், 18ஐ 4ஆல் வகுக்க 4.5 மி.மீ. வரும், ஸ்கேலும் அதையே காட்டும். அதே கணக்கில் 10 மடங்கு லென்ஸில் வட்டம் 1.8 மி.மீ., 40 மடங்கு லென்ஸில் 0.45 மி.மீ., அதாவது 450 மைக்ரோமீட்டர். இந்த மூன்று எண்களையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

இனி எந்த உயிரையும் அளக்கலாம். 40 மடங்கு லென்ஸில் ஒன்று வட்டத்தின் பாதியை அடைத்தால் அதன் நீளம் ஏறத்தாழ 225 மைக்ரோமீட்டர். பெயர் வைக்கும் நேரத்தில் பாதிக் குழப்பத்தை இந்த எண் தீர்த்துவிடும்.

6. வெங்காயம்: சுவர் உள்ள செல்

பெரிய வெங்காயத்தின் ஓர் இதழை எடுத்து, குழிந்த உட்பக்கத்திலிருந்து கண்ணாடித்தாள் போன்ற தோலை இடுக்கியால் உரியுங்கள். அது ஒரே ஓர் அடுக்கு செல். இதழின் சதையையும் சேர்த்து வெட்டி வைத்தால் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒளி புகாது. உரித்த உடனே நீரில் போடுங்கள், காய்ந்தால் சுருண்டுகொள்ளும்.

முதலில் சாயம் இல்லாமல் பாருங்கள். பிறகு கவர் ஸ்லிப்பின் ஓர் ஓரத்தில் ஒரு சொட்டு அயோடின் வைத்து, எதிர் ஓரத்தில் உறிஞ்சுதாளைத் தொடவிடுங்கள். தாள் நீரை இழுக்க, சாயம் தானாக உள்ளே போகும். கவர் ஸ்லிப்பைத் தூக்கவே வேண்டாம். நீண்ட பெட்டிகளாகச் செல்களும், ஒவ்வொன்றிலும் ஓரமாக ஒதுங்கிய பழுப்பு நிற உட்கருவும் தெரியும். பச்சை எங்கும் இருக்காது. தாவரம் என்றாலே ஒவ்வொரு செல்லிலும் பசுங்கணிகம் இருக்கும் என்று நினைத்திருப்பவர்களை இங்கே நிறுத்திக் கேளுங்கள்: மண்ணுக்குள் இருக்கும் இதழுக்குப் பச்சை எதற்கு?

நேரம் இருந்தால் அடுத்ததையும் செய்யுங்கள், தவறவிடக் கூடாத காட்சி. சிவந்த வெங்காய இதழின் வெளிப்பக்கத்து ஊதாத் தோலைச் சின்னத் துண்டாக உரித்து, சாயம் போடாமல் நீரில் வையுங்கள். செல்லின் வாக்குவோலில் (நீர் நிறைந்த பையில்) உள்ள ஊதா நிறமே சாயமாக நிற்கும். இப்போது அரை டம்ளர் நீரில் ஒரு சிறு கரண்டி உப்பைக் கரைத்து, மேலே சொன்ன அதே உறிஞ்சுதாள் முறையில் உள்ளே செலுத்துங்கள். சில நிமிடங்களில் ஊதா நிறம் சுருங்கி ஓரங்களை விட்டு விலகும். செல் சுவர் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும். சுவரும் சவ்வும் வெவ்வேறு என்று கண் கண்டுவிடும். இதுதான் பிளாஸ்மா சிதைவு. தாமதிக்காமல் நல்ல நீரைச் செலுத்தினால் பல செல்கள் மீண்டும் விரியும்.

7. கன்னத்தின் உட்புறம்: சுவர் இல்லாத செல்

வாயைக் கொப்பளித்துவிட்டு, சுத்தமான பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தை மெல்லத் தேய்த்து ஸ்லைடில் தடவி, ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் விட்டு மூடுங்கள். அவரவர் செல்லை மட்டும் அவரவர் எடுக்க வேண்டும். குச்சியையும் ஸ்லைடையும் பிளீச்சிங் கரைசலில் போட்டுவிடுங்கள்.

ஒழுங்கில்லாத வடிவம், மடிந்த ஓரங்கள், நடுவே அடர்நீல உட்கரு. அகலம் ஏறத்தாழ 50 முதல் 60 மைக்ரோமீட்டர். செல்லின் மேல் பொடிப்பொடியாக நீலப் புள்ளிகள் ஒட்டியிருக்கும். அவை செல்லின் உறுப்புகள் அல்ல, வாயில் வாழும் பாக்டீரியாக்கள். உட்கரு உள்ள செல்லும் உட்கரு இல்லாத செல்லும் ஒரே வட்டத்தில் அருகருகே கிடக்கும் காட்சி இது. அந்த அளவு வித்தியாசத்தை நிதானமாகப் பாருங்கள். ஒன்பதாம் படியில் தேவைப்படும்.

8. இப்போது குளத்து நீர்

மூன்று பாட்டில்களிலிருந்தும் வைக்கோல் ஊறலிலிருந்தும் தனித்தனி ஸ்லைடு போடுங்கள். சொட்டுக்குழாயின் நுனி பாசி அருகிலோ சேற்றின் மேலோ ஆடைக்கு அடியிலோ இருக்க வேண்டும். ஒரு சொட்டுதான், கவர் ஸ்லிப் மிதக்குமளவு நீர் இருந்தால் எதுவும் ஓரிடத்தில் நிற்காது.

சொட்டில் நாலைந்து பஞ்சு இழைகளைப் பிரித்துப் போட்டு அதன் மேல் மூடுங்கள். இழைகள் சின்னச் சின்ன வேலிகளாக நின்று வேகமாக நீந்துபவற்றை அடைத்து வைக்கும். கவர் ஸ்லிப் மென்மையான உயிர்களை நசுக்காமலும் தாங்கும். சாயம் எதுவும் போடாதீர்கள். அயோடின் பட்டால் எல்லாம் செத்துவிடும்; உயிர்களை அடையாளம் காண அவற்றின் அசைவுதான் முதல் துணை.

ஒளியைக் குறையுங்கள். மேடைக்கு அடியில் உள்ள துளையைப் பாதிக்கு மேல் மூடினால் கண்ணாடி போன்ற உடல்களின் விளிம்பு எழுந்து வரும். வெளிச்சம் அதிகமானால் நன்றாகத் தெரியும் என்று நினைத்து முழுவதும் திறந்து வைப்பவர்களுக்கு வெறும் வெள்ளை வட்டம்தான் தெரியும்.

4 மடங்கு லென்ஸில் ஒரு மூலையில் தொடங்கி, உழவர் சால் ஓட்டுவதைப் போல் ஒரு வரி போய் அடுத்த வரி திரும்பி, கவர் ஸ்லிப் முழுவதையும் பார்த்து முடியுங்கள். அசைவு கண்ட இடத்தில் நின்று 10 மடங்குக்கு மாறுங்கள். ஓர் உயிரோடு ஐந்து நிமிடமாவது இருங்கள். ஓரங்கள் காயத் தொடங்கினால் ஒரு சொட்டு நீரை ஓரத்தில் வையுங்கள்.

9. பெயருக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

இங்கேதான் வகைப்பாடு தொடங்குகிறது. கீழே உள்ள வரிசையிலேயே கேளுங்கள். முதல் கேள்விகள் பெரிய பிரிவைத் தருகின்றன. அதைத் தவறவிட்டால் பின்னால் கிடைக்கும் பெயர் முழுக்கத் தவறாகிவிடும்.

உயிருள்ளதா? நுண்ணிய துகள்கள் நீரில் நின்ற இடத்திலேயே துடிக்கும். அது நீர் மூலக்கூறுகள் மோதுவதால் வரும் பிரௌனியன் அசைவு. எல்லாம் ஒரே திசையில் போனால் கவர் ஸ்லிப்பின் அடியில் நீரோட்டம். தடையைக் கண்டு திரும்புகிறதா, பக்கத்தில் இருப்பது நிற்கும்போது இது மட்டும் போகிறதா என்று பாருங்கள். அசையாதது எல்லாம் உயிரற்றது என்றும் முடிவு செய்யக் கூடாது. பாசி இழை அப்படியே கிடக்கும்.

ஒரு செல்லா, பல செல்லா? அளவை நம்பாதீர்கள். சுழலுயிரி பல செல்களால் ஆன விலங்கு. ஆனால் பல சுழலுயிரிகள் ஒருசெல் பாரமீசியத்தைவிடச் சிறியவை. தலையில் இரண்டு சக்கரம் சுழல்வது போன்ற சிலியா (குட்டையான மயிரிழைகள்) வளையம், உடலுக்குள் விடாமல் மெல்லும் தாடை, பின்னால் ஒட்டிக்கொள்ளும் பாதம் ஆகியவற்றைக் கண்டால் அது சுழலுயிரி. தனித்தனி வேலை செய்யும் உறுப்புகள் தெரிகின்றனவா என்பதே கேள்வி.

உட்கரு உண்டா? உயிருள்ள நுண்ணுயிரில் உட்கருவைக் காண்பது கடினம். பச்சையாக இருந்தால் ஒரு வழி இருக்கிறது: நிறம் பைகளில் அடைபட்டிருக்கிறதா, உடல் முழுக்கப் பரவியிருக்கிறதா? ஸ்பைரோகைராவில் பச்சை நாடா சுருள்சுருளாகச் செல்லுக்குள் ஓடும். அது பசுங்கணிகம், அந்தச் செல்லில் உட்கருவும் உண்டு. ஆசிலட்டோரியாவில் நீலம் கலந்த பச்சை செல் முழுவதும் சீராகப் பரந்திருக்கும், இழை மெல்ல வழுக்கி அசையும். அது சயனோபாக்டீரியா, அதாவது ஒளியால் உணவு ஆக்கும் பாக்டீரியா; உட்கரு இல்லை. இரண்டையும் சேர்த்துப் "பாசி" என்று எழுதிவிட்டால் உயிரியலின் மிகப் பெரிய பிளவைத் தாண்டிப் போய்விடுகிறீர்கள்.

எப்படி உண்கிறது, எப்படி நகர்கிறது? தானே உணவு ஆக்குவது, விழுங்குவது, சுரந்து கரைத்து உறிஞ்சுவது என்று மூன்று வழி. பூஞ்சை இழைகள் மூன்றாவது. நகர்வில் சிலியா, கசையிழை (சாட்டை போன்ற நீண்ட இழை), போலிக்கால் (உடலே நீண்டு கால் போலாவது) என மூன்று.

இத்தனையும் குறித்த பிறகு ஐந்துலக வகைப்பாட்டைத் திறந்து பாருங்கள். 1969இல் விட்டேக்கர் முன்வைத்த மொனிரா (உட்கரு இல்லாதவை), புரோட்டிஸ்டா (பெரும்பாலும் உட்கரு உள்ள ஒருசெல் உயிர்கள்), பூஞ்சை, தாவரம், விலங்கு என்ற பிரிவுகள் நீங்கள் கேட்ட அதே கேள்விகளின் மீதுதான் நிற்கின்றன. யூக்ளினா என்ற ஒருசெல் உயிரைக் கண்டவர்களுக்கு "தாவரம், விலங்கு என்று இரண்டு மட்டும் ஏன் போதவில்லை" என்று விளக்க வேண்டியதே இல்லை. பச்சையாக இருக்கிறது, கசையிழையால் நீந்துகிறது, சிவப்புக் கண்புள்ளியின் துணையோடு வெளிச்சத்தைத் தேடிப் போகிறது, உறுதியான செல் சுவரும் இல்லை.

இந்தக் கருவியின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். 1990இல் உயிரியலாளர் கார்ல் ஊஸும் உடன் பணியாற்றியவர்களும் முன்வைத்த பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியா என்ற மூன்று டொமைன்களில் (உலகங்களுக்கும் மேலான பெரும் பிரிவுகளில்) முதல் இரண்டையும் உங்கள் கண் பிரித்துச் சொல்லாது. அந்தப் பிரிவு ரைபோசோம் ஆர்.என்.ஏ. வரிசையிலிருந்து வந்தது. ஒளி நுண்ணோக்கியால் சுமார் 0.2 மைக்ரோமீட்டருக்கும் நெருக்கமான இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட முடியாது. ஆகவே வைரஸைத் தேடி நேரம் செலவழிக்க வேண்டாம்.

10. அடிக்கடி சந்திப்பவை, அடிக்கடி குழம்புபவை

பாரமீசியம் செருப்படி வடிவில், 0.1 முதல் 0.3 மி.மீ. நீளத்தில், உடலைச் சுழற்றிக்கொண்டே முன்னேறும். மோதினால் பின்வாங்கித் திசை மாற்றும். பஞ்சு இழையில் மாட்டி நிற்கும்போது 40 மடங்கு லென்ஸில் பார்த்தால், சுருங்கு வாக்குவோல்கள் இரண்டும் நட்சத்திரம் போல் விரிந்து சுருங்குவது தெரியும். உள்ளே புகும் நீரை அவை வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. வெங்காயச் செல்லில் உப்பு நீர் செய்ததை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் இதன் காரணமும் விளங்கும்.

வார்டிசெல்லா காம்பில் நிற்கும் மணி. மேசையைத் தட்டினால் காம்பு சுருள்வில்லாகச் சுருங்கி, மெதுவாக நீளும். டயட்டம்கள் சிலிக்கா ஓட்டோடு, பொன்பழுப்பு நிறத்தில், படகு போல் வழுக்கும். அமீபாவைத் தேடி ஏமாறுபவர்களே அதிகம். சேற்றின் மேல்படலத்தில், ஒளியை நன்கு குறைத்து, வடிவம் மாறும் நிறமற்ற திட்டுக்காகக் காத்திருக்க வேண்டும்.

சைக்ளாப்ஸ் வெறும் கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும் ஓட்டுடலி. நெற்றியில் ஒரே கண், பெண் உயிரியின் வாலருகே இரண்டு முட்டைப் பைகள். அதன் நாப்ளியஸ் இளம்பருவம் மூன்று சோடிக் கால்களோடு முற்றிலும் வேறு உருவத்தில் இருப்பதால் அதை வேறு இனமாக எழுதிவிடுகிறார்கள். ஒரே உயிரின் பருவங்கள் தனி இனங்கள் அல்ல. நரம்புச் சிலந்தி (கினிப் புழு) நோயின் புழு இந்தச் சைக்ளாப்ஸுக்குள் இருந்துகொண்டுதான் குடிநீர் வழியே மனிதரைச் சேர்ந்தது. சைக்ளாப்ஸ் இவ்வளவு பெரிதாக இருப்பதால், நீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பதே வலுவான தடுப்பாக இருந்தது. இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல் பதிவானார். 2000இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டை நோயற்றதாகச் சான்றளித்தது.

பேரினம் வரை போனால் போதும். சிற்றினத்தைத் துணிந்து எழுதாதீர்கள். பல சிற்றினங்களைப் பிரிக்க இந்தக் கருவி போதாது.

11. கடைசி ஸ்லைடு: அசோலா

மாடு வளர்ப்பவர்களிடமோ நெல் வயலிலோ அசோலா என்ற மிதக்கும் சிறு நீர்த்தாவரம் கிடைக்கும். ஒரு சிறு இலையை ஸ்லைடில் ஒரு சொட்டு நீரில் வைத்து, ஊசியால் நன்கு நசுக்கி, மூடி, பென்சில் முனையால் மெல்லத் தட்டி 40 மடங்கு லென்ஸில் பாருங்கள். பசுங்கணிகம் உள்ள பெரிய செல்கள் அசோலாவுடையவை. அது பூக்காத தாவரம், பெரணி வகை. அவற்றுக்கு நடுவே நீலப்பச்சை மணிகள் கோத்த சரங்கள் சிதறிக் கிடக்கும். அவை இலையின் குழிக்குள் வாழும் அனபீனா, சயனோபாக்டீரியா. சரத்தில் இடையிடையே சற்றுப் பெரிய, வெளிறிய மணி ஒன்று தெரியும். அதுதான் ஹெட்டரோசிஸ்ட், காற்றின் நைட்ரஜனை நிலைநிறுத்தும் செல். அசோலாவை வயலுக்கு உரமாக இடுவது இந்த மணிகளை நம்பித்தான்.

ஒன்பதாம் படியின் கேள்விகளை யாரும் உதவாமல் இந்த ஸ்லைடில் கேட்டு, இரண்டு உயிர்களையும் பிரித்துச் சொல்ல முடிந்தால் வரிசை கைக்கு வந்துவிட்டது.

12. எதுவும் தெரியாதபோது

4, 10 மடங்கில் தெளிவாக இருந்து, 40இல் மட்டும் எவ்வளவு திருகினாலும் குவியவில்லை என்றால் ஸ்லைடு தலைகீழாக இருக்கிறது. ஸ்லைடின் கண்ணாடி கிட்டத்தட்ட 1 மி.மீ. தடிமன், லென்ஸால் அதைத் தாண்டி எட்ட முடியாது. கவர் ஸ்லிப் மேலே வருமாறு திருப்பி வையுங்கள். இரண்டு ஸ்லைடு ஒட்டிக்கொண்டிருந்தாலும் இதே நிலைதான்.

40இல் எல்லாம் பனிமூட்டமாக இருந்தால் லென்ஸின் நுனி நீரிலோ சாயத்திலோ தோய்ந்திருக்கிறது. லென்ஸ் தாளால் ஒற்றி எடுங்கள். எங்கும் ஒன்றும் தெரியாவிட்டால் கவர் ஸ்லிப்பின் விளிம்பை 4 மடங்கில் குவியுங்கள். விளிம்பு கிடைத்துவிட்டால் உயிர்கள் இருக்கும் தளமும் அதையொட்டியே இருக்கும்.

100 மடங்கு லென்ஸ் இந்த வேலைகளுக்குத் தேவையில்லை. பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் அதற்குரிய எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெயின் ஒளிவிலகல் எண் கண்ணாடியோடு ஒத்திருக்கும். தேங்காய் எண்ணெய் அப்படி இல்லை, லென்ஸிலும் பிசுக்காகப் படிந்துவிடும். எண்ணெய் விட்ட ஸ்லைடின் மேல் 40 மடங்கு லென்ஸைத் திருப்பிக் கொண்டுவராதீர்கள்.

13. வரைவதும் எடுத்து வைப்பதும்

கைப்பேசிப் படம் எடுக்கலாம், ஆனால் வரைந்த பிறகு. கை வரையும்போதுதான் "வாய் எந்தப் பக்கம், கசையிழை ஒன்றா இரண்டா" என்று கண் தேடுகிறது. பென்சிலில் ஒற்றைக் கோடு, நிழல் வேண்டாம். பக்கத்தில் பெருக்கம், அளந்த நீளம், நீர் எடுத்த இடம், தேதி, அசைந்த விதம். பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டுக் கடைசியில் நிரப்புங்கள். அறிவியல் பெயரை ரோமன் எழுத்தில் எழுதும்போது பேரினத்தின் முதல் எழுத்து பெரியது. கையெழுத்தில் பேரினம், சிற்றினம் இரண்டுக்கும் தனித்தனியாக அடிக்கோடு.

வேலை முடிந்ததும் 4 மடங்கு லென்ஸுக்குத் திருப்பி, மேடையைத் துடைத்து, கருவியை மூடி வையுங்கள். கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை ஒன்று போட்டு, அது நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் வையுங்கள். மீந்த குளத்து நீரை எடுத்த குளத்திலேயே ஊற்றுங்கள், வேறு குளத்தில் வேண்டாம். ஆகாயத் தாமரையின் ஒரு சிறு துண்டு புதுக் குளத்தை மூடிவிடப் போதும். வைக்கோல் ஊறலை மட்டும் கொட்டாமல் வைத்திருந்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சொட்டு பாருங்கள். எந்த உயிர் குறைகிறது, எது அதன் இடத்தைப் பிடிக்கிறது என்று அதே நோட்டில் தேதியோடு குறித்துக்கொண்டே போகலாம்.